சைக்கிள் கேள்வி–பதில்: செம்பாறைப் பாலையில் ஒரு சுற்று

கேள்வி: எனக்கு 52 வயது. பல ஆண்டுகளாகத் தினமும் காலையில் திருநகரிலிருந்து நாகமலை வரை சைக்கிளில் சென்று திரும்புகிறேன். மகள் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறாள். ஜூலைக் கடைசியில் அவளிடம் செல்லும்போது, மோவாப் என்ற ஊரில் சிவந்த பாறைகளின் மீதே ஓட்டிச் செல்லும் ஸ்லிக்ராக் என்னும் சுற்றுப்பாதையில் ஓட்ட ஆசைப்படுகிறேன். மதுரை வெயிலில் ஓட்டிப் பழகியவன் என்பதால் பாலை வெயில் ஒரு பொருட்டாக இருக்காது என்று நினைக்கிறேன். தங்கள் கருத்து என்ன? (வாசகர், திருநகர்)

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ஜூலையில் அந்தச் சுற்று வேண்டாம். மதுரை வெயிலில் பழகியவர் என்பதாலேயே நீங்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மோவாபில் ஜூலை மாதப் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தொடுவது சாதாரணம். மதுரைக்காரருக்கு அந்த எண் அச்சம் தராது. அந்த வெப்பம் உடம்பில் என்ன செய்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. இங்கே அரை மணி நேரம் மிதித்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, புருவத்திலிருந்து வியர்வை சொட்டுகிறது, உடனே நாம் தண்ணீரைத் தேடுகிறோம். அங்கே காற்றில் ஈரம் இல்லாததால் வியர்வை தோலில் நிற்பதற்குள் ஆவியாகிவிடுகிறது. நான் அங்கே முதன்முறை ஓட்டியபோது, இரண்டு மணி நேரம் ஆன பிறகும் சட்டை உலர்ந்தே இருந்ததைக் கண்டு இன்று வியர்க்கவே இல்லையென்று மகிழ்ந்தேன். சற்று நிழல் விழுந்த ஓரிடத்தில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினால், அதன் பட்டை முழுவதும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தோள்பை வார் பதிந்த இடத்திலும் அப்படியே. அதற்குள் தலை கனக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு முறை குடியுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கணக்கு. இங்கிருந்தே நான்கைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் குழாயோ கடையோ கிடையாது.

இனிப் பாதையைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்லிக்ராக் 1969-இல் மோட்டார் சைக்கிள்களுக்காக அமைக்கப்பட்டது; மலைச் சைக்கிள்காரர்கள் பின்னால் வந்து அதை உலகப் புகழ் பெறச் செய்தார்கள். தூரம் ஏறக்குறைய 17 கிலோமீட்டர்தான். தினமும் அதற்கு மேல் ஓட்டும் உங்களுக்கு அது சிறிய தூரமாகத் தோன்றும். ஆனால் அங்கே சமதளம் என்பதே அபூர்வம். பாறை முழுவதும் திமில் திமிலாக எழுந்து இறங்குகிறது; வழி என்பது பாறையில் வெள்ளைப் பெயிண்டால் இட்ட கோடுகள் மட்டுமே; சில இடங்களில் அந்தக் கோடு செங்குத்தாக ஏறுவதைப் பார்த்தால் சுவரில் பல்லி ஏறுவது நினைவுக்கு வரும். பெரும்பாலோருக்கு மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். தார்ச்சாலையில் எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும் முதல் நாளிலேயே அங்கே போவதை நான் ஏற்கமாட்டேன்.

அதற்குப் பதிலாக, அதே மோவாபுக்கு அருகில் உள்ள டெட் ஹார்ஸ் பாயிண்ட் மாநிலப் பூங்காவைப் பரிந்துரைக்கிறேன். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், கொடைக்கானலைவிடச் சற்றே தாழ்வான மேட்டுநிலத்தில், புதியவர்களும் ஓட்டத்தக்க ஒற்றையடிச் சுற்றுகள் பல அங்கே ஒன்றோடொன்று கோத்தாற்போல் அமைந்துள்ளன. களைப்பாக இருந்தால் ஒரு சுற்றோடு திரும்பலாம். தெம்பிருந்தால் அடுத்ததில் நுழையலாம். சுமார் 600 மீட்டர் ஆழத்தில் கொலராடோ ஆறு வளைந்து திரும்புவதை விளிம்பிலிருந்து பார்க்கலாம். அந்தக் காட்சிக்காகவே கடல் கடந்து போகலாம் என்பேன். சால்ட் லேக் சிட்டியிலிருந்து மோவாப் காரில் நான்கு மணி நேரப் பயணம் என்பதால், முதல் நாள் மாலையே சென்று தங்கி, மறுநாள் விடியும்போது தொடங்கி, ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். அந்தப் பருவத்தில் பிற்பகலில் திடீரென இடிமழை வருவதுண்டு. எங்கோ பெய்த மழை, வறண்ட ஓடையில் வெள்ளமாக வந்து சேரும். பயணத்தையே அக்டோபருக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரையும்தான் அங்கே ஓட்டுவதற்கு ஏற்ற காலம்.

சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். அப்போது ஒன்றை மட்டும் மறவாமல் கவனியுங்கள்: பிரேக். நம் ஊர் ஸ்கூட்டரில் இடக்கைப் பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கிறது, வலக்கை முன்சக்கரத்தை. நம் சைக்கிள்களிலும் பெரும்பாலும் அதுவே வழக்கம். அமெரிக்காவில் இது தலைகீழ். நாற்பது ஆண்டுப் பழக்கம் விரல்களில் ஊறியிருப்பதால், இறக்கத்தில் பதற்றம் வரும் நொடியில் கை தானாக இடப்பக்கத்தை அழுத்தும். முன்சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். வாடகைக் கடை முற்றத்திலேயே நான் அப்படி விழுந்தேன். கடைக்காரர் ஓடி வந்து தூக்கிவிட்டு, கேட்டிருந்தால் இரண்டு பிரேக் கம்பிகளையும் மாற்றித் தந்திருப்போமே என்றார். நீங்கள் முதலிலேயே கேளுங்கள். மாற்ற இயலாவிட்டால், சமதளத்தில் அரை மணி நேரம் வட்டமடித்து விரல்களைப் பழக்கிய பிறகே பாதையில் இறங்குங்கள்.

டயரில் காற்றைச் சாலைக்கு வைப்பதுபோல் கெட்டியாக வைக்காதீர்கள். அகலமான மலைச் சைக்கிள் டயருக்கு உங்கள் எடையைப் பொறுத்து 25 முதல் 30 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும், அப்போதுதான் ரப்பர் பாறையின் மேடுபள்ளத்தில் படிந்து பிடிக்கும். ஏறும்போது மேட்டுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டு, மார்பை ஹேண்டில்பார் நோக்கித் தாழ்த்துங்கள். இறங்கும்போது சீட்டைத் தாழ்த்தி, பெடல்களைச் சமமாக நிறுத்தி எழுந்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இங்கே இருக்கும் மாதங்களில் கண்மாய்க் கரைகளில் இந்த ஏற்ற இறக்கங்களைப் பழகிக்கொள்ளலாம். கரைமேல் ஏறும் வண்டிப்பாதையில் பத்து முறை ஏறி இறங்குவது, ரிங் ரோட்டில் முப்பது கிலோமீட்டர் ஓட்டுவதைவிட உங்களுக்கு உதவும்.

இன்னொன்றையும் வேண்டுகோளாகவே வைக்கிறேன். பாறைகளுக்கு இடையிலுள்ள மணலில், கறையான் புற்றின் மேல்தோல் போலக் கருத்து, முண்டும் முடிச்சுமாக ஒரு படலம் தெரியும். நுண்ணுயிர்களும் பாசியும், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கனும் சேர்ந்து மணலைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள மண் அது. ஒரு டயர்த் தடம் பட்டால் அது மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். படம் எடுப்பதற்காக வழியை விட்டு ஒதுங்கினாலும் பாறைமேல் மட்டுமே கால் வையுங்கள். பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீரிலும் கையையோ சக்கரத்தையோ நனைக்காதீர்கள். அந்தக் குழி நீரில் இறால் போன்ற சின்னஞ்சிறு உயிர்கள் நீந்துகின்றன. குழி வற்றினால் அவற்றின் முட்டைகள் அடுத்த மழைவரை, சில வேளை பல ஆண்டுகள்கூட, காய்ந்த மண்ணில் காத்துக் கிடக்கின்றன.

கேள்வி: ஸ்லிக்ராக் என்றால் வழுக்குப்பாறை என்றுதானே பொருள்? வழுக்கும் பாறையில் எப்படிச் சைக்கிள் ஓட்டுகிறார்கள்? அந்தப் பாறைகள் ஏன் சிவந்திருக்கின்றன? (ஆசிரியை, மேலூர்)

பதில்: பெயர் வைத்தவர்கள் குதிரையில் வந்தவர்கள். இரும்பு லாடம் அந்தப் பாறையில் சறுக்கியதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ரப்பர் டயருக்கு அது உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கிறது. விழுந்தவர் முழங்கையைப் பார்த்தால் உப்புத்தாள் என்று நான் சொல்வதன் பொருள் விளங்கும்; ஆகவே கையுறையும் முழங்கால் கவசமும் அவசியம். மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான கெட்டிக் கற்கள். மோவாபின் பாறையோ ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லானது. பாறையின் பக்கவாட்டில் சாய்வான வரிகளைக் காணலாம். அன்றைய காற்று மணலை எந்தப் பக்கம் அள்ளிக் கொட்டியது என்பதை அவை இன்றும் காட்டுகின்றன. மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருப்பதே சிவப்புக்குக் காரணம். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிமணல் சிவந்திருப்பதும் இதனாலேயே.

கேள்வி: நண்பர்கள் நால்வர் மலைச் சைக்கிள் வாங்கியிருக்கிறோம். மோவாபைப்போல யானைமலையிலோ அரிட்டாபட்டிப் பாறைகளிலோ ஓட்டிப் பழகலாமா? (கல்லூரி மாணவர், ஒத்தக்கடை)

பதில்: வேண்டாம், தம்பி. யானைமலையில் சமணச் சிற்பங்களும் குடைவரைக் கோயிலும் உள்ளன. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் ஏறக்குறைய 193 ஹெக்டேர் நிலம் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இராசாளிகள் கூடுகட்டும் பாறைகள் அவை, தமிழ்ப் பிராமி எழுத்தும் அங்கே இருக்கிறது. மோவாபிலும் எல்லாப் பாறையிலும் ஓட்ட விடுவதில்லை. பக்கத்திலேயே இருக்கும் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் சைக்கிளுக்குச் சாலைகள் மட்டுமே அனுமதி. ஒற்றையடிப் பாதைகளில் நடக்கத்தான் வேண்டும். நீங்கள் நால்வரும் சிறுமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் விடியற்காலையில் ஏறிப் பழகுங்கள். இறங்கும்போது பின்பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள், தொடர்ந்து அழுத்தினால் சூடேறிப் பிடிப்புக் குறையும். கரடுமுரடுக்கு வறண்ட கண்மாயின் கரைப் பாதைகள் போதும். முன்கூட்டி அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஆடுமாடு எதிரே வந்தால் இறங்கி வழி விடுங்கள்.