பாதம் கழுவுதல் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

தென்மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றின் கத்தோலிக்கப் பங்கை, அதாவது ஓர் ஆலயத்தைச் சார்ந்த இறைமக்கள் சமூகத்தைச் சேர்ந்தவள் நான். இவ்வாண்டு ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் திருப்பலியில், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்துக் குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் சடங்குக்கு எங்கள் பங்குத்தந்தை முதன்முறையாக ஆறு பெண்களை அழைத்தார். என் பெயரும் இருந்தது. நான் போகவில்லை. பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; அதைச் செய்ய வீட்டில் வேறு ஆளில்லை. ஆறு ஆண்களில் ஒருவராக என் கணவர் போனார். பங்கின் ஆலோசனைக் குழுவான பங்குப்பேரவையில் பெண்களுக்குச் சம இடம் வேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான். திருச்சபை எங்களுக்குத் தரும் சமத்துவம் உண்மையா, அலங்காரமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

அலங்காரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சடங்கில் பெண்களுக்குப் போடப்பட்ட ஆறு நாற்காலிகள் எளிதாக வந்தவை அல்ல. 2013 மார்ச்சில் பொறுப்பேற்ற திருத்தந்தை பிரான்சிஸ், அம்மாதமே உரோமையின் சிறார் சிறை ஒன்றில் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் இருவர் பெண்கள். அன்றைய வழிபாட்டு விதி ஆண்களை மட்டுமே குறிப்பிட்டிருந்ததால், விதியைக் காக்க வேண்டியவரே மீறிவிட்டார் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 2016 ஜனவரியில் விதியே திருத்தப்பட்டு, இறைமக்களில் எவரையும் தெரிந்துகொள்ளலாம் என்றாயிற்று.

ஆனால் அந்தத் திருத்தம் யாருடைய பாதம் கழுவப்படும் என்பதைத்தான் மாற்றியது. யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் தம் பாதத்தைக் கழுவ இயேசு வருவதைக் கண்டு சீடர் பேதுரு பதறுவது, அது பணியாளர் செய்யும் வேலை என்பதனால். நீங்களும் ஒருவருக்கொருவர் இதைச் செய்யுங்கள் என்பதே அங்கே இடப்படும் கட்டளை. நம் ஊர்களில் அந்தச் சடங்குக்கு வருகிறவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருகிறார்கள். அன்று மாலை உங்கள் ஊரில் உண்மையாகவே கழுவப்பட வேண்டியிருந்த பாதங்கள், உங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்தன.

ஆண்களுக்கு இந்த வேலைகள் வராது என்ற சொல்லைக் கிறிஸ்தவ வரலாறு நெடுங்காலத்துக்கு முன்பே பொய்யாக்கிவிட்டது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் முப்பத்தைந்தாம் அதிகாரம் சமையல்கட்டு முறையைப் பற்றியது. நோயாலோ இன்றியமையாத வேறு பணியாலோ அன்றி எவருக்கும் அதிலிருந்து விலக்கில்லை. வாரமுறை முடிப்பவர் சனிக்கிழமையன்று இடத்தைச் சுத்தம் செய்து, கைகால் துடைத்த துண்டுகளைத் துவைத்து, முறை தொடங்குபவருடன் சேர்ந்து அனைவரின் பாதங்களையும் கழுவ வேண்டும். அடுத்த அதிகாரம், நோயாளிகளைப் பேணுவது மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது என்று தொடங்குகிறது. அடுப்படியும் நோயாளியின் படுக்கையும் பாதம் கழுவுதலும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. பெண்களே இல்லாத வீடு அது என்பதையும் கவனியுங்கள். வீட்டில் ஒரு பெண் இருந்துவிட்டால் மட்டும் ஆணுக்கு அந்த வேலைகள் மறந்துபோகின்றன.

இல்லறத்தாருக்கும் திருச்சபை இதைச் சொல்லாமல் இல்லை. 2016இல் வெளிவந்த ‘அன்பின் மகிழ்வு’ என்னும் மடலின் 286ஆம் பத்தியில், வீட்டு வேலைகளையோ பிள்ளை வளர்ப்பில் சிலவற்றையோ ஏற்றுக்கொள்வதால் கணவனின் ஆண்மை குறைந்துவிடாது, அதில் வெட்கத்துக்கு இடமில்லை என்று பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். நாற்காலி போடுவதில் காட்டிய ஊக்கத்தை, இந்தப் பத்தியை மறையுரையில் எடுத்துச் சொல்வதில் எத்தனை பங்குகள் காட்டின? நாற்காலி ஒன்றைக் கூட்டிப் போட்டால் யாருடைய உறக்கமும் கெடுவதில்லை, இரவு இரண்டு மணிக்கு எழுந்து தாயைப் புரட்டிப் போடுவது அப்படியல்ல. 2024ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பேணும் பணியில் ஈடுபட்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்களில் ஈடுபட்டவர்கள் 21.4 விழுக்காட்டினர், அவர்கள் செலவிட்டது 74 நிமிடங்கள்.

உங்கள் கணவரைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. என் தந்தை படுத்திருந்த பதினான்கு மாதங்களும் அவரைக் குளிப்பாட்டியவர் என் அக்கா. நான் மருத்துவர்களிடம் பேசினேன், பணம் கட்டினேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்றார்கள். அக்கா அப்போது உள்ளே அவர்களுக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தார். நான் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

உங்கள் அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டம், வீடு வீடாக முறைவைத்து நடப்பதுதானே? நோயாளி இருக்கும் வீட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுவார்கள். உங்கள் வீட்டைத் தாண்ட வேண்டாம் என்று கேளுங்கள். செபம் முடிந்ததும், வாரத்துக்கு இரண்டு மாலை உங்கள் மாமியாரின் அருகில் இருக்க யார் வருகிறீர்கள் என்று ஆண்களையும் சேர்த்தே கேளுங்கள். கணவருக்கு முதலில் ஓர் இரவு முறையைக் கொடுங்கள். எந்தத் தோளைப் பிடிக்க வேண்டும், முழங்கால்களுக்கு இடையில் தலையணையை எப்படி வைக்க வேண்டும் என்று ஒருமுறை காட்டிவிட்டுப் பக்கத்து அறையில் போய்ப் படுங்கள். முதல் நாள் தடுமாறுவார். எழுந்து போய் வாங்கிச் செய்துவிடாதீர்கள்.