லயத்துப் பேட்டியில் ‘பிரச்சினை இல்லீங்க’ மட்டுமே வந்தால்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்), கொழுந்தெடுக்கும் 12 பெண்களிடம் பேட்டிக்காகப் பேசியும் எல்லாரும் ‘பிரச்சினை இல்லீங்க’ என்றே முடித்ததாக எழுதியிருந்தீர்கள். கோளாறு கேள்விகளில் மட்டுமல்ல, உங்களைக் கூட்டிப்போன கங்காணியிடமும்தான் (வேலையை மேற்பார்க்கிறவர்). நாளைக்கு மலையில், அதாவது கொழுந்தெடுக்கும் இடத்தில், அவர்களிடம் வேலை வாங்கப்போகிறவர் பக்கத்தில் நிற்க, யார் வாய் திறப்பார்?

அனுமதியைத் துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) வாங்குங்கள். அறிமுகம் பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) ஆயா வழியாக இருக்கட்டும். முதல் இரண்டு சந்திப்பில் ரெக்கோர்டர் வேண்டாம். காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும், ஞாயிறு பகலில் வெளியே எங்காவது உட்காருங்கள்.

‘சம்பளம் போதுமா?’ என்றால் ‘ம்’தான் வரும். ‘நேத்து எழும்பினதிலிருந்து சொல்லுங்க’ என்று கேளுங்கள். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது), மலை, நிறுவை (கொழுந்தை எடை போடுவது) என்று போய், எடையில் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதில் தானாக வந்து நிற்கும். அங்கே குறுக்கிடாதீர்கள்.

பழைய 12 பேட்டியையும் எறிய வேண்டாம். யார் அருகில் இருந்தார் என்று ஒவ்வொன்றிலும் குறித்து வையுங்கள்.