உயரமான ஹேண்டில்பார் போட்டா பழைய கேபிளே போதுமா?

கிருஷ்ணகிரில இருந்து கேட்டிருக்கீங்க, முதுகு வலிக்குது, பைக்குக்கு ரெண்டு இன்ச் உயரமான ஹேண்டில்பார் மாட்டலாமா, கேபிள் மாத்தணுமான்னு. மாட்டலாம் தம்பி, ஆனா ரெண்டு இன்ச்னா பெரும்பாலும் பழைய கேபிள் பத்தாது. முதல்ல பழைய பாரோட தடிமன் அளந்துக்கோங்க, நம்ம ஊர் வண்டி நிறைய 22 மி.மீ. தான், புது பாரும் அதே தடிமன்ல இருந்தாதான் கிளாம்ப்ல, அதாவது பார பிடிச்சு நிறுத்துற பிடில, சரியா உக்காரும்.

மாட்டினதும் வண்டிய நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டு, ஹேண்டில இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரை மெதுவா திருப்புங்க, ஆக்சிலேட்டர தொடாமலே ரைசிங் ஏறுதுன்னா ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்குதுன்னு அர்த்தம், அப்படியே எடுத்துட்டு தொப்பூர் கணவாய் இறங்கிடாதீங்க, வளைவுல லாரிக்குப் பக்கத்துல தானா ரைஸ் ஆனா என்ன ஆகும்னு யோசிங்க. கிளட்ச் கேபிள், வயரிங், டிஸ்க் பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போற குழாய்) எல்லாம் அதே மாதிரி ரெண்டு பக்கமும் திருப்பி பாருங்க, ஹோஸ் விறைப்பா நின்னா நீளமானது வாங்கியே ஆகணும்.

இன்னொன்னு, சுவிட்ச் பாக்ஸ் உள்ள சின்னதா ஒரு முளை இருக்கும், அது பார்ல இருக்குற ஓட்டைல உக்காரணும். புது பார்ல ஓட்டை இல்லன்னா சில பேர் முளைய அரம் போட்டு ராவி விட்டுடுவாங்க, அது ரொம்ப தப்பு, சுவிட்ச் பாக்ஸே சுத்த ஆரம்பிச்சிடும். பழைய பார பக்கத்துல வச்சு மார்க் பண்ணி அளவா ட்ரில் போடச் சொல்லுங்க. ஹோஸ் மாத்தினா பிரேக் ஆயில்ல ஏர் எடுத்து, லீவர் கெட்டியா நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் ரோட்டுக்கு எடுங்க.