வாரியாரும் ஒரு தையல் ஊசியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காங்கேயநல்லூர் வாரியார் சுவாமிகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், "கூட்டத்தையே காந்தமாக்கி உட்காரவைத்திருந்தார்" என்று ஒரு வரி வருகிறது. நான் குடியாத்தம் பக்கத்தில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். காந்தம் வாரியார்தானே? கூட்டம் இரும்பு. கூட்டத்தை ஈர்த்தார் என்றால் புரிகிறது. கூட்டத்தையே காந்தமாக்கினார் என்பது கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பஸ் நிலையத்தில் யாரோ கொடுத்த துண்டுப் பிரசுரத்தை என் மாணவன் ஒருவன் வகுப்புக்குக் கொண்டுவந்தான். "உங்களை நீங்களே காந்தமாக்கிக்கொள்ளுங்கள், பணமும் மனிதர்களும் தேடி வருவார்கள்" என்று தலைப்பு. ரத்தத்தில் இரும்பு இருப்பதால் காந்த வளையல் போட்டால் உடம்பில் காந்தம் ஏறுமாம். காந்த நீர் குடிக்க வேண்டுமாம். திருவண்ணாமலைக்கு ஜனங்கள் திரள்வதற்கும் மலையில் உள்ள காந்தம்தான் காரணமாம். "மிஸ், இது உண்மையா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?

பெயர் வெளியிட வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து ஓர் ஆசிரியை


அன்புள்ள டீச்சர்,

அந்த வரியை மாற்றப்போவதில்லை. நீங்கள் நடத்துகிற பாடமே எனக்குச் சாட்சி.

ஒரு காந்தத்தின் நுனியில் ஓர் ஆணியை ஒட்டவைக்கிறோம். அந்த ஆணியின் அடியில் இன்னோர் ஆணியைக் கொண்டுபோனால் அதுவும் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது ஆணியைப் பிடித்திருப்பது முதல் ஆணி. காந்தம் பக்கத்தில் வந்ததுமே முதல் ஆணி தானும் ஒரு காந்தமாகிவிட்டது. பாடப் புத்தகத்தில் இதற்குக் காந்தத் தூண்டல் என்று பெயர். பலரும் கவனிக்காமல் தாண்டிப்போவது இங்கே உள்ள வரிசையை. இரும்பு முதலில் காந்தமாகிறது, அப்படி ஆவதால்தான் இழுபடுகிறது. அப்படிக் காந்தமாக மாறத் தெரியாத செம்பையும் பித்தளையையும் எந்தக் காந்தமும் இழுத்துக்காட்ட முடியாது. ஆகவே "ஈர்த்தார்" என்று நான் எழுதியிருந்தால், அதற்கு முன்பு நடந்ததைச் சொல்லாமல் விட்டதாக ஆகியிருக்கும்.

வாரியாரின் சபையில் நடந்ததும் அதுதான். காட்பாடிக்குப் பக்கத்தில் காங்கேயநல்லூரில் 1906-இல் பிறந்து, 1993 வரை வாழ்ந்தவர். கந்தபுராணம் சொல்லிக்கொண்டே வருவார், சட்டென்று நிறுத்தி முன்வரிசைப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியைப் போடுவார். பதில் சொன்ன பிள்ளைக்கு ஒரு சின்னப் பரிசு. பிள்ளை விழிக்கும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் உதடு அசையும். பாட்டிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு நாக்கு நுனியில் விடை நிற்கும். அந்த நேரத்தில் தெருவோடு போகிற ஒருவன் நிற்கிறானே, அவன் வாரியாரின் வாக்கைக் கேட்டா நிற்கிறான்? அவனுக்கு அது காதிலேயே விழுந்திருக்காது. இத்தனை பேர் ஒன்றாகச் சிரிக்கிறார்களே என்று நிற்கிறான். அவன் இரண்டாவது ஆணி. அவனைப் பிடித்தது கூட்டம்.

சரி, இரும்பு காந்தமாகும்போது அதற்குள் புதிதாக என்ன போய்ச் சேர்கிறது? ஒன்றும் போவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் வைஸ் 1907-இல் முன்வைத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. சாதாரண இரும்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு வட்டாரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வட்டாரமும் ஏற்கெனவே முழுக் காந்தம். ஆனால் ஒன்று கிழக்கே பார்க்கிறது, ஒன்று தெற்கே பார்க்கிறது, ஒன்றின் பலத்தை இன்னொன்று அடித்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது வெறும் இரும்பு. காந்தம் அருகில் வந்தால், அதன் திசையை ஒட்டியிருக்கும் வட்டாரங்கள் அண்டை வட்டாரங்களின் எல்லையைத் தள்ளிக்கொண்டு விரிகின்றன. பிறகு மிச்சமிருப்பவையும் மெல்லத் திரும்புகின்றன. அவ்வளவுதான். வாரியார் பாட்டிக்குப் புதிதாகப் பக்தியை ஊட்டவில்லை. பாட்டியிடம் அது இருந்தது, மருமகள் மேல் இருந்த வருத்தமும் வீட்டுவரிக் கவலையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன.

காந்தம் இதனால் எதையும் இழப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு காந்தத்தைக் கொண்டு நூறு ஊசிகளைத் தேய்த்தாலும் அது இளைத்துப்போவதில்லை, செலவாகிற உழைப்பு தேய்க்கிற கையினுடையது. இந்த உவமையை நம்முடைய சைவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே எடுத்தாண்டிருக்கிறார்கள். மெய்கண்டார் சிவஞானபோதத்தில் "காந்தங் கண்ட பசாசத் தவையே" என்கிறார். பசாசம் என்பது இரும்பு. காந்தத்தின் முன்னிலையில் இரும்பு இயங்குகிறது, காந்தம் எந்த மாறுதலும் அடையாமல் இருக்கிறது. இறைவன் முன்னிலையில் உயிர்கள் அறிவதற்கு அவர் இதைச் சொன்னார். மேடைப் பேச்சாளர்களுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. பேசி முடித்து இறங்குகிறவரின் தொண்டையைக் கேட்டால் தெரியும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். காந்தமாக்குவது எளிது, காந்தமாகவே நிற்பதுதான் பாடு. தேனிரும்பு ஆணி நொடியில் காந்தமாகும், காந்தத்தை எடுத்ததும் நொடியில் பழையபடி ஆகிவிடும். எஃகு ஊசி அப்படி இல்லை. ஒரே முனையால் ஒரே திசையில் பலமுறை தேய்த்தால்தான் அது வழிக்கு வரும். வந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் விடாது. சபை கலைந்து செருப்பைத் தேடும்போதே எல்லாவற்றையும் மறந்துவிடுகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள்தான் முதலில் கண்ணீர் விட்டவர்களாகவும் இருப்பார்கள். கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்ற ஒருவர், மறுமாதம் திருப்புகழ்ப் புத்தகம் வாங்கிக்கொண்டு வருவார். தேர்தல் கூட்டங்களை எண்ணிப் பார்த்து மகிழ்கிற கட்சிக்காரர்கள் இரும்பின் ரகத்தையும் கொஞ்சம் விசாரிக்கலாம்.

ஏறிய காந்தம் இறங்குவதற்கும் வழிகள் உண்டு. பலமாகத் தட்டினால் குறையும். சூடேற்றினால் போகும். இரும்புக்கு அந்த எல்லை 770 டிகிரி செல்சியஸ், அதைத் தாண்டிய பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காந்தம் ஏறெடுத்தும் பார்க்காது. மூன்றாவது வழியை வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு கடிகாரக் கடையில் பார்த்தேன். சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம் ஒன்று நாளுக்கு நாள் வேகமாக ஓடுகிறது என்று ஒருவர் கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் அதைத் திறக்கவே இல்லை. ஒரு சின்னத் திசைகாட்டியை அதன் மேல் வைத்தார். முள் துடித்து ஒரு பக்கம் சாய்ந்தது. "காந்தம் ஏறியிருக்கிறது" என்றார். உள்ளே மயிரிழை போன்ற ஒரு வில்சுருள் இருக்கிறது. காந்தம் ஏறினால் அதன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, சுருளின் நீளம் குறைந்ததுபோல் ஆகிவிடுகிறது, கடிகாரம் ஓட்டமெடுக்கிறது. கடைக்காரர் ஒரு கம்பிச் சுருள் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தை அதன் அருகே கொண்டுபோய், பிறகு கை நீளும் மட்டும் மெதுவாக, மிக மெதுவாக வெளியே இழுத்தார். அப்புறம்தான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. வில்சுருளின் வட்டாரங்களும் அதோடு முன்னும் பின்னும் திரும்புகின்றன. தூரம் கூடக்கூட ஆட்டம் தணிந்து, ஒரு திசையும் மிஞ்சாமல் போகிறது. பாதியில் பொத்தானை விட்டுவிட்டால் அந்த நொடியின் திசை அப்படியே தங்கிவிடும், பழைய காந்தம் போய்ப் புதுக் காந்தம் ஏறும். ஒரு தலைவரிடமிருந்து ஆவேசமாக விலகி மறுநாளே இன்னொரு தலைவரின் படத்தை மாட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைக்காரரின் விரல் ஞாபகம் வருகிறது.

இப்போது துண்டுப் பிரசுரம். ரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மை. ஒரு பெரியவரின் உடம்பு முழுக்கச் சேர்த்து மூன்று நான்கு கிராம். ஆனால் இரும்பு இருந்தாலே காந்தம் ஏறிவிடும் என்றால், முதலில் அந்த மாணவன் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் ஏறியிருக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் இரும்புதான். காயலான் கடைக்காரர் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டாவிட்டால்தான் நல்ல எவர்சில்வர் என்று கூடுதல் விலை கொடுக்கிறார். இரும்பணுக்கள் ஒன்றையொன்று பார்த்து ஒரே திசையில் நிற்பதற்கு அக்கம்பக்கம் சரியாக அமைய வேண்டும். ரத்தத்தில் அவை புரதத்துக்குள் தனித்தனியாக மாட்டிக்கிடக்கின்றன. தண்ணீரையோ காந்தம் மிகமிக லேசாக விலக்கித்தான் தள்ளுகிறது. எடுத்துவிட்டால் அந்தத் தடமும் இருக்காது, பாட்டிலில் அடைத்து விற்க அங்கே ஒன்றும் இல்லை.

இதற்கும் மேல் சாட்சி வேண்டுமென்றால் வேலூரிலேயே இருக்கிறது. எம்.ஆர்.ஐ. அறை வாசலில் சாவி, ஊக்கு, ஹேர்பின் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆளை உள்ளே அனுப்புகிறார்கள். பரவலாக இருக்கிற இயந்திரத்தின் புலம் 1.5 டெஸ்லா, நம் ஊரில் பூமியின் காந்தப் புலத்தைப்போல் ஏறக்குறைய 37,000 மடங்கு. எங்கெங்கிருந்தோ ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்கி, அதற்குள் படுத்து எழுந்து போகிறார்கள். அவர்களில் ஒருவர் மேலாவது ஒரு குண்டூசி ஒட்டியதுண்டா? வளையல் அந்த இயந்திரத்தைவிடவா பெரிது?

இந்த வியாபாரம் புதியதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் மெஸ்மர் என்ற மருத்துவர் மனிதர்களுக்குக் காந்தமேற்றி நோய் தீர்ப்பதாகச் சொல்லிப் பெரும்புகழ் பெற்றார். 1784-இல் அரசர் ஒரு குழு அமைத்தார். பெஞ்சமின் பிராங்ளினும் லவாய்சியரும் அதில் இருந்தார்கள். தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் மெஸ்மரின் சீடர் காந்தமேற்றினார். ஒரு சிறுவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துப்போனார்கள். அவன் காந்தமேற்றாத ஒரு மரத்தடியில் மயங்கி விழுந்தான்! கற்பனை இருந்தால் காந்தம் இல்லாமலேயே விளைவு வரும், கற்பனை இல்லாவிட்டால் அந்தக் காந்தத்தால் எதுவும் ஆகாது என்று குழு எழுதிக் கொடுத்தது. உங்கள் மாணவனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நாம் கொடுக்கிற எந்த விளக்கத்தையும்விட அந்த மரம் அவனுக்கு நினைவிருக்கும்.

திருவண்ணாமலை விஷயம் வேறு. அந்தப் பக்கம் காந்த இரும்புத் தாது உள்ள மலை கவுத்திமலை. தாது வெட்ட வந்த திட்டத்தை எதிர்த்து ஊர்க்காரர்கள் போராடிய மலை அது. ஜனங்களை இழுப்பது பாறையிலுள்ள காந்தம் என்றால் பௌர்ணமிதோறும் கிரிவலம் அதைச் சுற்றி அல்லவா நடக்க வேண்டும்? திருவண்ணாமலை 1989 வரை நம் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. 1896-இல் அங்கே வந்து சேர்ந்து 1950-இல் மறையும் வரை ஊரைவிட்டு நகராத ரமணர், அட்சரமணமாலையில் இப்படிப் பாடினார்: "காந்தம் இரும்புபோல் கவர்ந்தெனை விடாமல் கலந்தெனோ டிருப்பாய் அருணாசலா." கவர்வது, விடாமல் பிடிப்பது, கலந்திருப்பது என்று மூன்று படிகள். இழுத்ததோடு அவர் நிறுத்தவில்லை. அவர் கேட்டது எஃகுக்கு ஏறுகிற காந்தம். அதைப் பாறைக்குள் தேடுகிறவர்கள் பாட்டையும் படிக்கவில்லை, பாறையையும் பார்க்கவில்லை.

வகுப்புக்கு ஒரு யோசனை. இங்கிலாந்தின் எலிசபெத் அரசிக்கு மருத்துவராக இருந்த வில்லியம் கில்பர்ட், 1600-இல் வெளியிட்ட காந்த நூலில் ஒரு கொல்லர் பட்டறையின் படம் போட்டிருக்கிறார். பழுத்த இரும்பை வடக்கு தெற்காக வைத்து அடித்தால், ஆறும்போது பூமியே அதற்குக் காந்தமேற்றிவிடும் என்பதற்கு அந்தப் படம். நெருப்பில்லாமலும் செய்யலாம். கட்டட வேலையில் மிஞ்சிய ஒரு முழக் கம்பியை வடக்கு தெற்காகப் பிடித்து நுனியில் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். தட்டும்போது உள்ளே வட்டாரங்கள் அசைந்துகொடுக்கும், பூமியின் புலம் அவற்றைத் தன் திசைக்குத் திருப்பிக்கொள்ளும். பிறகு திசைகாட்டியின் அருகே கொண்டுபோகட்டும். அங்கே லண்டனில் பூமியின் புலம் 60 பாகைக்கும் மேலே சாய்ந்திருப்பதால் கம்பியையும் அப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பூமியின் புலம் சாயாமல் படுக்கைவாட்டில் இருக்கும் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போவதால் நமக்கு அந்தச் சிரமம் இல்லை, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் பிடித்தாலே போதும். கம்பியைக் கிழக்கு மேற்காக வைத்து மறுபடி தட்டினால் ஏறியது இறங்குவதையும் பார்த்துவிடலாம்.

அப்படியே ஒருநாள் பாலாற்றுக்கு அழைத்துப் போங்கள். காய்ந்த மணலில் ஸ்பீக்கர் காந்தத்தை இழுத்தால் கரும்பொடி மீசைபோல ஒட்டிக்கொண்டு வரும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். காந்தத்தை முதலில் ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டுவிடுங்கள். வெறுமனே இறக்கினால் அந்தப் பொடியைத் துடைத்தெடுப்பதற்குள் பீரியட் முடிந்துவிடும்.

அன்புடன்.