தலைவர் இல்லாமல் ஒரு போராட்டம் நடக்குமா?

தலைவர் இல்லாத கூட்டம் எப்படி இயங்கும், பின்னாலிருந்து யாரோ ஒருவர் இயக்கத்தானே வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் பொறுப்பேற்காத ஏதோ ஒரு குழுவில் சிக்கி நொந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேள்வியின் பின்பாதியை 2017-லிருந்து அலுவலகத்துச் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டுச் சலித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஜனவரி 17 முதல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் நடந்த போராட்டத்தில், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மூன்று இரவுகள் இருந்தேன். நான் பார்த்தது அந்த மணலில் ஒரு மூலையை மட்டுமே. மற்ற இடங்களில் நடந்ததைச் சொல்லி என்னிடம் மல்லுக்கு வர வேண்டாம்.

முதல் இரவு தண்ணீர்ப் பாக்கெட் மூட்டைகளோடு ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. நாலைந்து பேர் இறக்கத் தொடங்க, வரிசை நீண்டுகொண்டே போய் என்னையும் சேர்த்துக்கொண்டது. எனக்கு மூட்டை கொடுத்தவர் பெயரும் தெரியாது, என்னிடம் வாங்கியவர் பெயரும் தெரியாது. மறுநாள் பிஸ்கட் பாக்கெட்டுகள் குவிந்து உட்கார இடமில்லாமல் போனபோது, ஒரு கல்லூரிப் பெண் அட்டைப்பெட்டியைக் கிழித்து ‘பிஸ்கட் போதும், குப்பைப் பை தேவை’ என்று எழுதிச் சாலையோரம் நட்டுவைத்தாள். அரை மணி நேரத்தில் யாரோ வண்டியில் பைகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். கண்ணால் பார்த்துச் செய்யக்கூடிய எந்த வேலைக்கும் அங்கே மேஸ்திரி தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது முடிக்கும்போதுதான். ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதும், வந்தவரை போதும், வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு வட்டமும், நிரந்தரச் சட்டம் வராமல் நகரக் கூடாது என்று பக்கத்து வட்டமும் விடிய விடியப் பேசின. அட்டையில் எழுதி நட்டுத் தீர்க்கக்கூடிய விஷயமல்ல அது. 23 அதிகாலையில் காவல்துறை வெளியேற்றத் தொடங்கியது. அன்றே சட்டப்பேரவையில் மசோதாவும் நிறைவேறியது. கடலோரத்தில் எஞ்சியிருந்தவர்களிடம் ஓய்வுபெற்ற நீதிபதி அரி பரந்தாமன் வந்து சட்டத்தை விளக்கிய பிறகே பலர் கலைந்தனர். ஒரு வாரம் எவரையும் ஒலிபெருக்கியைப் பிடிக்கவிடாமல் பார்த்துக்கொண்ட கூட்டம், ‘முடிந்தது’ என்ற ஒரு சொல்லுக்கு வெளியிலிருந்து வந்த ஒருவரை நம்ப வேண்டியிருந்தது. பின்னாலிருந்து இயக்கியவர் என்று ஒருவர் இருந்திருந்தால், 21 இரவே அவர் எழுந்து நின்று அதைச் சொல்லியிருக்க மாட்டாரா? சாப்பாட்டு மேசையில் இதற்கு இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

தலைவர் இல்லாததில் எனக்கு உறுத்தும் இடம் வேறு. அன்று விரட்டப்பட்டு ஓடியவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் பக்கத்துக் குப்பங்களின் மீனவ மக்கள். நடுக்குப்பத்து மீன் சந்தையோ எரிந்துபோயிற்று. எங்கள் சார்பில் அங்கே போய் நின்று பேச ஆளில்லை, ஏனெனில் ‘எங்கள் சார்பு’ என்று ஒன்று மறுநாளே இல்லாமல் போயிருந்தது. நான் அதையெல்லாம் அலுவலகத்திலிருந்து செல்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குப்பத்துக்கு நான் போனது இரண்டு மாதம் கழித்து, மீன் வாங்குவதற்காக.