விண்வெளிக்குச் சென்று வந்தால் பிள்ளைப்பேறு தடைபடுமா?

கேள்வி: கேப் டவுனில் விண்வெளித் தொழில்நுட்பம் படிக்கும் என் மகள், ஒருநாள் தானும் விண்ணில் பறப்பேன் என்கிறாள். "போய் வந்தால் வயிற்றில் ஒரு புழு பூச்சிகூடத் தங்காது" என்று என் மாமியார் தடுக்கிறார். இதில் உண்மை உண்டா?
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: நம் நாட்டு மார்க் ஷட்டில்வொர்த் 2002இல் சென்று வந்ததைப் போன்ற பத்து நாள் பயணத்துக்கு அந்த அச்சம் பொருந்தாது. 1963 ஜூனில் வஸ்தோக் 6 கலத்தில் ஏறத்தாழ மூன்று நாள் பூமியைச் சுற்றி வந்த, உலகின் முதல் விண்வெளிப் பெண்ணான சோவியத் நாட்டு வாலென்டினா தெரெஷ்கோவா, அடுத்த ஆண்டு ஜூனிலேயே ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். குழந்தையின் தந்தை நிக்கலாயெவும் 1962இல் விண்ணில் பறந்தவரே.

நீண்ட பயணம் என்றால் மாமியாரின் கவலையை அப்படியே தள்ளிவிட முடியாது, காரணம் கதிர்வீச்சு. தரையில் நாம் ஓராண்டில் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்குபவருக்கோ அது 80 முதல் 160 வரை போகும். ஆணின் உடலில் விந்தணு ஏறத்தாழ 74 நாளில் புதிதாக உருவாகிறது. ஆகவே கதிர்வீச்சால் எண்ணிக்கை குறைந்தாலும், விந்தணுவை உண்டாக்கும் மூலச் செல்கள் பிழைத்திருந்தால் சில மாதங்களில் மீண்டும் ஏறிவிடும். பெண்ணுக்கோ கருமுட்டைகள் பிறக்கும்போதே கொடுத்தனுப்பிய சீதனம். செலவானது திரும்ப வராது, வயது ஏற ஏற மிச்சமும் குறையும். ஒரே அளவு கதிர்வீச்சு இருவருக்கும் ஒரே இழப்பாகாது என்பதை உங்கள் மகள் மனத்தில் கொள்ள வேண்டும். அந்த நிலையமாவது பூமியின் காந்தப்புலத்துக்குள் இருக்கிறது. செவ்வாய்க்குச் செல்பவருக்கு அந்தக் காப்பும் இல்லை.

ஜப்பானின் யமனாஷி பல்கலைக்கழகத்தார், உறையவைத்து உலர்த்திய எலி விந்தணுக்களை நிலையத்தில் ஏறத்தாழ ஆறு ஆண்டு வைத்திருந்து மீட்டு, அவற்றால் நலமான குட்டிகள் பிறந்ததை 2021இல் அறிவித்தனர். நல்ல செய்திதான்; ஆனால் உலர்ந்த அணு வேறு, உயிருள்ள உடலில் பிரிந்து வளரும் செல் வேறு.

மாதவிடாய் விண்ணிலும் வழக்கம்போலவே வரும். 1983இல் விண்ணுக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடின் ஒரு வாரப் பயணத்துக்கு நூறு டாம்பன் (மாதவிடாய்க்கான உறிஞ்சு பஞ்சு) போதுமா என்று பொறியாளர்கள் கேட்டார்களாம்! இன்று பலர் கருத்தடை மாத்திரையைத் தொடர்ந்து எடுத்து மாதவிடாயை நிறுத்திவைக்கிறார்கள். ஆயினும் சில மாத்திரைகள் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுவதால், மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நீண்ட பயணத்துக்குத் தேர்வானால், புறப்படுமுன் கருமுட்டைகளை உறையவைத்துச் சேமிப்பது பற்றியும் அதே மருத்துவரிடம் உங்கள் மகள் பேசலாம்.