மாடலில் ஒரு கிளாஷும் இல்லை, ஆனாலும் சைட்டில் பீம் ஏறவில்லை என்கிறார்கள்: நான் எந்த மென்பொருளைக் கற்க வேண்டும்?

கேட்டவர் தம் நிலையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். எஃகுக் கட்டடங்களை முப்பரிமாணத்தில் அமைக்கும் டெக்லா ஸ்ட்ரக்சர்ஸ் மென்பொருளில் வேகமாக மாடல் செய்கிறார். பாகங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்கும் கிளாஷ் செக்கை ஓட்டினால் பட்டியல் காலியாக வருகிறது. இருந்தும் பீம் உள்ளே போகவில்லை, போல்ட்டை முடுக்க இடமில்லை என்று சைட்டிலிருந்து புகார்கள் வருகின்றன. அதே வேலைக்கான வேறு மென்பொருள்களான எஸ்டிஎஸ்2 அல்லது அட்வான்ஸ் ஸ்டீலைக் கற்றுக்கொண்டால் இது தீருமா என்பது அவருடைய கேள்வி. தீராது என்பது என் பதில். அந்த மென்பொருள்களைக் குறைத்துச் சொல்லவில்லை. எஸ்டிஎஸ்2 கனெக்ஷன்களை, அதாவது பாகங்கள் சேரும் இணைப்புகளை, கணக்கிட்டே அமைப்பதில் கெட்டிக்காரத்தனமானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் குறை மென்பொருளில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் சில ஆண்டுகள் மாடலராக இருந்து, இப்போதுதான் முழுக் கட்டடத்தைத் தனியாகக் கையாளத் தொடங்கியவர் என்றும், சைட்டுக்குப் போய்ப் பார்க்கும் வாய்ப்பு அதிகம் கிடைக்காதவர் என்றும் எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். நான் நெடுங்காலம் செக்கராக, அதாவது மாடலையும் டிராயிங்கையும் வெளியிடும் முன் சரிபார்ப்பவனாக, இருந்து வருபவன். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் கடந்துபோக முடியாததற்கு அதுவே காரணம்.

கிளாஷ் செக் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். எல்லாப் பாகங்களும் தத்தம் இறுதி இடத்தில் அமர்ந்துவிட்டன என்று வைத்துக்கொண்டு, எந்த இரண்டு திடப்பொருள்கள் ஒன்றையொன்று ஊடுருவுகின்றன என்று மட்டும் அது பார்க்கிறது. அந்தப் பாகம் எந்த வழியாக அந்த இடத்துக்கு வந்தது, அதற்கு முன்னால் எவை ஏற்றப்பட்டிருந்தன, போல்ட்டை நுழைத்தவரின் கை எங்கே இருந்தது என்பவை அதற்குத் தெரியாது. பட்டியல் காலியாக இருப்பதை, கட்டி முடித்த கட்டடத்தின் புகைப்படத்தில் குறை தெரியவில்லை என்ற அளவுக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் கையில் வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். பல தளங்கள் கொண்ட ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில், தூணின் வெப்புக்கும் எதிர்த் தூணின் வெப்புக்கும் இடையில் பீம்கள் வரிசையாக இருந்தன. (தூணும் பீமும் ‘I’ வடிவம் கொண்டவை; நடுத் தகட்டை வெப் என்றும் இரு ஓரத் தகடுகளை ஃபிளாஞ்ச் என்றும் சொல்வோம்.) வெப் முகத்திலிருந்து வெப் முகம் வரை இடைவெளி 6000 மி.மீ.; பீமின் ஆழம் 600 மி.மீ.; இரு முனையிலும் 12 மி.மீ. விட்டு, பீமின் நீளம் 5976 மி.மீ. என்று மாடலில் இருந்தது. தூணின் ஃபிளாஞ்ச் அகலம் 300, வெப் தடிமன் 12; ஆகவே ஒவ்வொரு தூணிலும் ஃபிளாஞ்ச் விளிம்பு வெப்பிலிருந்து 144 மி.மீ. முன்னே நீட்டிக்கொண்டிருந்தது. மாடல் செய்த இளைஞர் திறமையானவர். கனெக்ஷன்கள் அனைத்தும் ஒழுங்காக இருந்தன. கிளாஷ் பட்டியலில் ஒன்றும் இல்லை. பட்டறையில் பாகங்களைச் செய்வதற்கான முதல் தொகுதி ஷாப் டிராயிங்குகளை அன்றே வெளியிட வேண்டும் என்று ஃபேப்ரிகேஷன் தரப்பு நெருக்கிக்கொண்டிருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை.

காரணம் எளிய கணக்குத்தான். இரு பக்கமும் ஃபிளாஞ்சுகள் மறைத்திருப்பதால் அந்த பீமைப் பக்கவாட்டிலிருந்து நேராகத் தள்ள முடியாது. ஒரு முனையைத் தாழ்த்திச் சாய்த்து, தூண்களுக்கு இடையில் கொண்டுவந்து, பிறகு நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தும்போது ஏறக்குறைய 6 பாகைச் சாய்வில் பீமின் மூலைவிட்டம் கிடைமட்டமாகிறது. 5976 நீளத்துக்கும் 600 ஆழத்துக்கும் மூலைவிட்டம் 6006 மி.மீ.; இருக்கும் இடமோ 6000. சைட்டில் பாகங்களைக் கட்டித் தூக்கும் ரிக்கர் எவ்வளவு சாமர்த்தியமானவராக இருந்தாலும் அந்த 6 மி.மீட்டரை உண்டாக்கிவிட முடியாது.

அதையும் ஒரு மூலையைச் சீவிச் சமாளிக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் இன்னொரு தடை இருந்தது. தூணின் இரு ஃபிளாஞ்சுகளுக்கு இடையிலான உள் அகலம் 360. பீமின் ஃபிளாஞ்ச் 200. நடுவில் அமர்ந்தால் இரு பக்கமும் 80 மி.மீ. மிஞ்சும். பீமின் வெப்பைப் போல்ட்டால் பிடிப்பதற்காகத் தூணில் ஏற்கெனவே வெல்டு செய்யப்பட்டிருக்கும் ஷியர் பிளேட்டை பீமின் ஃபிளாஞ்ச் தாண்டி வர வேண்டுமானால், பீம் சுமார் 95 மி.மீ. ஒதுங்க வேண்டும். அதற்கும் இடமில்லை. மேலிருந்து இறக்கலாம் என்றால், மேல் தளத்துக்கான பிளேட் அதே பள்ளத்தில் வழிமறித்து நின்றது.

இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால் மாடலிலேயே காட்டினேன். பீமை ஒரு தற்காலிக ஃபேஸுக்குள் (மாடலில் பாகங்களைத் தொகுத்து வைக்கும் பிரிவு) நகலெடுத்து, அதன் நடுப்புள்ளியைச் சுற்றி 6 பாகை சுழற்றி, அந்த ஒரு நகலையும் இரு தூண்களையும் மட்டும் தேர்ந்தெடுத்துக் கிளாஷ் செக் ஓட்டினேன். இப்போது மோதல்கள் வந்தன. அதே கருவிதான், கேட்ட கேள்வி மட்டும் வேறு. இப்படிச் செய்யும்போது அந்த நகல், பாகங்களுக்கு எண் கொடுக்கும் நம்பரிங்கிலும் பொருள் பட்டியலிலும் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அந்த ஃபேஸை வடிகட்டித் தேர்ந்து அழித்துவிடுவது என் வழக்கம்.

தீர்வாக நாங்கள் முன்வைத்தது, ஷியர் பிளேட்டைத் தூண் ஃபிளாஞ்சின் விளிம்புக்கு வெளியே நீட்டுவது. பீம் குட்டையாகிவிடும், பிளேட் பீமின் இரு ஃபிளாஞ்சுகளுக்கு நடுவில் அடங்கிவிடுவதால் பக்கவாட்டில் நேராகக் கொண்டுவந்து வெப்பைப் பிளேட்டோடு சேர்த்துவிடலாம். ஆனால் இதை டீடெயிலர் (மாடலும் டிராயிங்கும் செய்பவர்) தாமாகச் செய்துவிடக் கூடாது. போல்ட் வரிசை வெப் முகத்திலிருந்து 50 மி.மீ. தூரத்தில் இருந்தது; நீட்டிய பிறகு சுமார் 200 மி.மீ. தூரத்துக்குப் போனது. முனை விசை 150 கிலோநியூட்டன் என்று கொண்டால், வெப் முகத்தில் 7.5 கிலோநியூட்டன் மீட்டராக இருந்த திருப்புத்திறன் 30 ஆகிவிடுகிறது. ஆகவே படமும் கணக்கும் இணைத்து ஆர்எஃப்ஐ (வடிவமைப்புத் தரப்பிடம் விளக்கம் கேட்கும் கடிதம்) அனுப்பினோம். வடிவமைப்புப் பொறியாளர் பிளேட்டைத் தடிமனாக்கி, மேலும் கீழும் ஸ்டிஃப்னர் என்ற விறைப்புத் தகடு சேர்த்து ஒப்புதல் தந்தார். வெளியீடு சில நாள் தள்ளிப்போனதற்கு எங்களுக்குத் திட்டு விழுந்தது. பீம்கள் தடையில்லாமல் ஏறியதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆர்எஃப்ஐ எதற்கு, அனுபவமுள்ள டீடெயிலருக்குத் தெரியாததா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 1981 ஜூலை 17 அன்று கான்சாஸ் சிட்டியின் ஹயாட் ரீஜென்சி ஓட்டலில் நடந்ததை நினைவுபடுத்துவேன். மேல் நடைபாலத்தையும் கீழ் நடைபாலத்தையும் ஒரே நீண்ட கம்பி தாங்குவதாக வடிவமைப்பு இருந்தது. மேல் பாலத்தின் நட்டை உரிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கம்பியில் வெகு நீளத்துக்கு மரை வெட்ட வேண்டியிருக்கும். அந்தச் சிக்கலைத் தவிர்க்கக் கம்பியை இரண்டாகப் பிரித்தார்கள். செய்வதற்கு எளிதாயிற்று; ஆனால் மேல் பாலத்துப் பெட்டிப் பீமின் அடியில் இருந்த நட் இப்போது இரண்டு பாலங்களின் சுமையையும் தாங்க வேண்டியதாயிற்று. 114 பேர் இறந்தார்கள். மூல வடிவமைப்பே விதிகள் கேட்ட வலிமைக்குக் குறைவாக இருந்தது என்பது விசாரணையில் தெரிந்தது. ஆகவே முழுப் பழியையும் அந்த மாற்றத்தின்மேல் போட நான் வரவில்லை. நம் தொழிலில் எழும் மிகச் சாதாரணமான ஒரு சங்கடத்திலிருந்துதான் அந்த மாற்றம் பிறந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

போல்ட்டை முடுக்க இடமில்லை என்ற உங்கள் இரண்டாவது புகாருக்கு டெக்லாவிலேயே ஓரளவு வழி இருக்கிறது. கிளாஷ் செக் அமைப்புகளில் போல்ட்டின் தலைப் பக்கமும் நட் பக்கமும் எவ்வளவு காலியிடம் வேண்டும் என்று கொடுக்கலாம். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. சைட்டில் பாகங்களை ஏற்றும் எரெக்ஷன் குழு போல்ட்டை முடுக்க எந்த இம்பாக்ட் ரெஞ்சைப் பயன்படுத்தப்போகிறது என்று கேட்டு, அதன் சாக்கெட் அளவை வைத்து அந்த எண்களை நிரப்புங்கள். போல்ட் முடுக்கப்பட்ட பின் இருக்கும் இடம் மட்டும் போதாது, நுழைப்பதற்கும் அதன் முழு நீளத்துக்கு இடம் வேண்டும் என்பதை இந்தச் சோதனை எப்போதும் பிடித்துவிடாது. கூரான கோணத்தில் வரும் பீம்களில் அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

தூண் வெப்பின் இரு பக்கமும் எதிரெதிராக வரும் இரண்டு பீம்கள் ஒரே போல்ட்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் இடமும் இப்படிப்பட்டதுதான். மாடலில் அதைவிட அழகான கனெக்ஷன் இல்லை. சைட்டில், முதலில் தொங்கவிட்ட பீமின் நட்டுகளைக் கழற்றினால்தான் இரண்டாவதைச் சேர்க்க முடியும். அந்த நேரத்தில் முதல் பீம் எதில் நிற்கும்? அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1926.756 இதற்காகவே, முறுக்கிய நட்டுடன் குறைந்தது ஒரு போல்ட்டாவது முதல் பீமைப் பிடித்திருக்க வேண்டும் அல்லது தாங்கு இருக்கை போன்ற ஓர் ஏற்பாடு வேண்டும் என்கிறது. உங்கள் வேலை எந்த நாட்டுக்கானதாக இருந்தாலும் புவியீர்ப்பு ஒன்றுதான். ஒரு பீமின் முனையிலுள்ள எல் வடிவ ஆங்கிளைக் கொஞ்சம் நீட்டி, மற்றதோடு சேராத ஒரு போல்ட்டைக் கொடுப்பதற்கு மாடலில் நேரம் அதிகம் ஆகாது.

தூண் ஃபிளாஞ்சிலிருந்து ஃபிளாஞ்சுக்கு வரிசையாகப் பீம்கள் ஓடும் இடங்களில் வேறொரு பிரச்சினை வரும். உருட்டாலையிலிருந்து வரும் தூணின் ஆழமே 3 மி.மீ. அளவுக்குக் கூடவோ குறையவோ செய்யலாம் என்று ஏஎஸ்டிஎம் ஏ6 என்ற அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கிறது. 20 மி.மீ. போல்ட்டுக்கு 22 மி.மீ. துளை என்றால் உங்களிடம் இருக்கும் சலுகை 2 மி.மீ. மட்டுமே. மாடலில் எல்லாத் தூண்களும் துல்லியமானவை. அங்கே இது ஒருநாளும் தெரியாது. பீமைச் சற்றுக் குறைத்து வெட்டி ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) கொடுப்பதா, நீள்துளை கேட்பதா என்பதை முதல் டிராயிங் வெளியாகும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். நீள்துளைக்கும் பொறியாளரின் ஒப்புதல் தேவை.

இதையெல்லாம் பார்க்க எங்கே நேரம் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இந்தத் தொழிலில் பல இடங்களில் டன் கணக்கில் கூலி பேசுகிறார்கள். பெரிய பீம் ஒன்றில் இரண்டு முனைக் கனெக்ஷனோடு வேலை முடிந்துவிடும். படிக்கட்டும் கைப்பிடியும் எடையில் ஒன்றுமில்லை, ஆனால் நாள்களை விழுங்கிவிடும். டன்னைக் கொண்டு நேரத்தை அளப்பவர்களிடம், இந்த பீம் ஏறுமா என்று யோசித்த ஒரு மணி நேரத்தை எந்தத் தலைப்பில் எழுதிக் கொடுப்பது? போதாக்குறைக்கு, திருத்தத்தைச் சுற்றி மேகக்கோடு போடாமல் வரைபடத்தின் புதிய பதிப்பை அனுப்பிவிட்டு, மாறியது என்ன என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பழைய பதிப்பையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நிறங்களில் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. இதை எழுதியதற்காகத் தயாரிப்புத் தரப்பைச் சேர்ந்தவர்கள் என்மேல் கோபிக்கக்கூடும். அவர்களுடைய நெருக்கடியும் எனக்குத் தெரியும்.

நம்பரிங் பற்றி ஒரு வார்த்தை மட்டும். முதல் வெளியீட்டுக்குப் பிறகு பழைய எண்களை மறுபடி பயன்படுத்தும் அமைப்பை நிறுத்தி வையுங்கள். நீக்கப்பட்ட ஒரு பாகத்தின் எண்ணை வேறொரு பாகம் எடுத்துக்கொண்டால், பட்டறையில் ஒரே எண்ணில் இரண்டு இரும்புகள் கிடக்கும். வெளியிட்ட டிராயிங்குகளைப் பூட்டி வைப்பதும், ஒவ்வொரு வெளியீட்டின்போதும் பாகப் பட்டியலை உரைக் கோப்பாகச் சேமித்து முந்தையதோடு ஒப்பிடுவதும் சலிப்பான வேலைகள்தான், ஆனால் தவிர்க்கக் கூடாதவை. வெட்டித் துளையிடும் இயந்திரத்துக்குப் போகும் டிஎஸ்டிவி கோப்பும் வெறும் உரைக் கோப்புதான். அதில் ‘பிஓ’ என்ற பகுதியில் துளைகளும் ‘ஏகே’ என்ற பகுதியில் வெளிவிளிம்பும் இருக்கும். சந்தேகமான ஒரு பாகத்தைத் திறந்து, துளைகளின் எண்ணிக்கை டிராயிங்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு எந்த உரிமமும் வேண்டாம்.

புதிதாக ஏதேனும் கற்றே தீருவேன் என்றால், இன்னொரு மாடலிங் மென்பொருளைவிட டெக்லாவை நிரல் எழுதி இயக்க உதவும் ஓப்பன் ஏபிஐயைக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் பயிற்சியாக இதைச் செய்யலாம்: ஒவ்வொரு பீமுக்கும் இரு முனையிலுள்ள ஷியர் பிளேட்டுகளும் பீம் வெப்பின் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, மாறியிருப்பவற்றைச் சிவப்பாக்கும் ஒரு சிறு நிரல். ஒரு முனையில் இந்தப் பக்கமும் மறுமுனையில் அந்தப் பக்கமும் பிளேட் இருந்தால் பீமைக் கோணலாகத் திருப்பித்தான் நுழைக்க வேண்டியிருக்கும். கனெக்ஷனைத் தானாக அமைக்கும் காம்பொனென்ட்டைப் போட்டுவிட்டு மறுமுனையைத் திரும்பிப் பார்க்காமல் போகும்போது இந்தக் கோளாறு எளிதாக வந்துவிடும். கிளாஷ் செக் இதைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. உங்களுக்கு வந்த புகார்களில் கணிசமானவை இதனாலேயே வந்திருக்கும் என்பது என் ஊகம். பழைய மாடல் ஒன்றில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.